சிவப்புப் பொட்டு வைத்த மூலைமட்டம்

என் ஆசை நைனாவுக்கு,

உன் நினைவு நாளுக்கு போஸ்டர் ஒட்டலாமா என்று தெருப் பையன்கள் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் உன் சிரித்த முகத்தைப் போடுவார்கள், ஒரு மாலை போடுவார்கள், உன் பிரிவால் வாடுகிறோம் என்று எழுதி எங்கள் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். எனக்கு இருக்கிற குழப்பத்தை எழுத அதில் ஏது இடம்? உன்னிடம் கேட்டால்தான் அது தீரும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும், நீ ஒன்றும் வெட்கப்படுகிற ஆள் இல்லையே.

முதலில் வீட்டு நிலவரம். அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலி உண்டு, மாத்திரை போடமாட்டேன் என்கிற அடமும் உண்டு. பெற்ற மகள் நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன், ஊருக்கே மாத்திரை கொடுக்கிறேன், நான் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளமாட்டாளாம். ராயபுரத்தில் தண்ணீர் வருகிற நேரம் இன்னும் யாருக்கும் தெரியாது. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் உன்னை விட்டுவிட்டு வந்த பிறகு நம் வீட்டில் மாறியது அதிகம் இல்லை, நீ இல்லை என்பதைத் தவிர.

உன் இரும்புப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அம்மா தினமும் பெருக்கும்போது அதை இழுப்பாள், பெருக்குவாள், திரும்ப உள்ளே தள்ளுவாள். திறக்கமாட்டாள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் பார்த்தால் பெட்டி இருந்த இடத்தில் தரையெல்லாம் துருக்கறை. அன்றைக்குத்தான் திறந்தாள். உன் அரங்கள், ஸ்பேனர்கள், செங்கோணம் பார்க்க நீ வைத்திருந்த, யாரையும் தொடவிடாத அந்த மூலைமட்டம், எல்லாவற்றையும் கடற்காற்று தின்ன ஆரம்பித்திருந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. மனுஷன்தான் போய்விட்டார், இதுகளையும் சேர்த்துச் சாகடிக்கிறோமே என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், ஏதோ நான்தான் உப்பைக் கொண்டுவந்து தடவியது மாதிரி.

கல்மண்டபத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், அது முடிந்தால் குடோன். அந்தக் குடோனில் நீ போன பிறகு ஒரு வேலை நடக்கிறது. ரிட்டையர் ஆன ஃபிட்டர்கள், ஆசாரிகள், சும்மா உட்கார முடியாதவர்கள் எல்லாரும் கூடி, வீடுவீடாகச் சேர்த்த பழைய கைக்கருவிகளைத் துரு எடுத்து, கூர் தீட்டி, கைப்பிடி மாற்றிப் பெட்டியில் அடைக்கிறார்கள். நிறைந்ததும் அது கப்பலில் தான்சானியாவுக்குப் போகிறது. அங்கே அண்ணாச்சியின் தம்பி பாதிரியாராக இருக்கிறார். படிப்பு நின்றுபோன பையன்களுக்கும் பெண்களுக்கும் ஃபிட்டர் வேலை, பைப் வேலை, மரவேலை சொல்லிக்கொடுக்க அவர் இருக்கும் ஊரில் ஒரு பள்ளி இருக்கிறது. ஆள் நிறைய, கருவி குறைவு. ஒரு பையன் அரத்தைக் கீழே வைக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

அம்மா கொடுத்துவிடலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். கண்காணாத ஊரில் யாரோ உன் சாமானைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்றெல்லாம் பேசினேன். அம்மா ஒரே கேள்வி கேட்டாள்.

“இங்க கெடந்து இன்னாத்துக்கு ஆவப்போவுது? நீயா எடுத்து வேல செய்யப் போற?”

மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோலைத் தவிர நான் எந்தக் கருவியைத் தொட்டேன்? பெட்டியைத் தூக்க நானும் ஒரு கை பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். மண்ணெண்ணெயில் ஊறவைப்பது, கம்பி பிரஷ் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது. அம்மா உன் சாமான்களை மட்டும்தான் தேய்த்தாள். வேறு யாராவது கையை நீட்டினால் முறைத்தாள். சுத்தியலின் பிடி வெடித்திருந்ததால் அண்ணாச்சி புதுப்பிடி போட்டார். பழைய பிடியை அம்மா முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது அதை வைத்துத்தான் இஞ்சி நசுக்குகிறாள். நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

எல்லாம் பளபளப்பாக ஆன பிறகு, பெட்டி கட்டுவதற்கு முன்னால், அம்மா அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டு உன் சாமான்களை வீட்டுக்கு எடுத்துவந்தாள். கடைசியாக ஒருதரம் வூட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். உன் படத்துக்கு முன்னால் பழைய போர்வையை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தாள். ஆயுத பூஜைக்கு நீ வைக்கிற அதே வரிசைதான், அதை எப்படி ஞாபகம் வைத்திருந்தாளோ. கற்பூரம் காட்டினாள். குங்குமம் வைத்துப் பார்த்தாள், எண்ணெய் தடவிய இரும்பில் அது நிற்கவில்லை. நின்றாலும் கப்பலில் போய்ச் சேருவதற்குள் காணாமல் போய்விடும் என்றாள். நம் கேட்டுக்கு அடித்தது போக மீந்துபோன சிவப்பு எனாமல் பெயிண்ட் டப்பா பரணில் இருந்தது. அதை இறக்கி, தீக்குச்சியால் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

நீ போன நாளிலிருந்து அன்றுவரை குங்குமச் சிமிழைத் திறக்காதவள் நைனா. நான் போனில் படம் எடுத்தேன், எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காய்ந்ததும் அம்மாவே ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக் கட்டினாள். குடோனில் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அண்ணாச்சி ஜெபம் செய்தார், ஒரு ஆசாரி தேங்காய் உடைத்தார், இரண்டு பக்க ஆசீர்வாதத்தோடும் உன் சாமான் கப்பல் ஏறியது.

அப்புறம் காத்திருந்தோம். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. உன் கருவி ஒன்றை யாராவது ஒரு பிள்ளை கையில் பிடித்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். அதைப் பார்த்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள்.

அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் பெயர் ஜுமா. பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவர் அண்ணாச்சிக்குப் படங்கள் அனுப்ப ஆரம்பித்தார். அண்ணாச்சி எனக்கு அனுப்புவார். பிள்ளைகள் வைஸில் இரும்பை இறுக்கி அராவுகிறார்கள், பைப் அறுக்கிறார்கள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கித் தேடினேன். குடோனில் நான் பார்த்த மற்ற சுத்தியல்கள் இருந்தன, எம்.கே.பி. நகரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ரம்பம்கூட இருந்தது. உன்னுடையது ஒன்றுகூட இல்லை. அம்மா தினமும் கேட்பாள், வந்ததா என்று. நெட் சரியில்லை என்பேன். எத்தனை நாள் அதையே சொல்வது?

ஒரு படத்தில்தான் கண்டுபிடித்தேன். முன்னால் ஒரு பையன் நிற்கிறான், அவனுக்குப் பின்னால், சுவரோரமாகத் தரையில் ஒரு பலகை. அதன்மேல் உன் சாமான் மொத்தமும் கிடந்தது. சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள். மூலைமட்டத்தை அடையாளம் கண்டுகொண்டேன். எல்லோருக்கும் கருவி போதாத இடத்தில் உன் கருவிகளை மட்டும் ஏன் மூலையில் போட்டார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சிக்கு போன் போட்டு, எங்கள் நைனா சாமான் என்ன அவ்வளவு மட்டமா என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஜுமா வாத்தியாரின் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். சிவப்புக் குறி போட்டதை உபயோகிக்கக் கூடாது என்பது அவர்கள் பட்டறையில் பழக்கமாம். சென்னையில் யாரோ பரிசோதித்து இவற்றைத் தள்ளியிருக்கிறார்கள், தவறிப்போய்ப் பெட்டியில் வந்துவிட்டது என்று நினைத்து எடுத்து வைத்தாராம். ஆனால் பார்த்தால் எல்லாம் நல்ல கருவிகளாக இருக்கின்றன, அவருக்கே ஆச்சரியமாம். அந்தச் சிவப்புக்கு வேறு ஏதாவது அர்த்தம் உண்டா, உண்டென்றால் சொல்லுங்கள், நீங்கள் சம்மதித்தால் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டிருந்தார்.

நான் யார் மகள்? எண்ணூரில் உன் கம்பெனியில் காலமெல்லாம் நீ பார்த்த வேலையே அதுதானே. வார்த்து வருகிற உருப்படிகளை அளந்து பார்ப்பாய், தேறாததன்மேல் சிவப்புப் பெயிண்ட் வைப்பாய். சிவப்பு வைத்துவிட்டால் அது கேட்டைத் தாண்டாது என்று பெருமையாகச் சொல்வாய். உன் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு போனதே இல்லை. அந்தக் கையோடு சோறு பிசைந்தால் அம்மா திட்டுவாள். உன் கருவிகள்மேல் அதே சிவப்பு ஏறும்போது நான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. “தொடச்சிட்டு எடுத்துக்கோங்கன்னு சொல்லும்மா, முடிஞ்சிது சோலி. இதுக்குப் போயி ஏன் இவ்ளோ யோசிக்கிய?” என்றார்.

அவர் சொல்வது சரிதான். சரி, துடைத்துவிடுங்கள் என்று எழுதினால் தீர்ந்தது. எழுத உட்கார்ந்தேன், விரல் நகரவில்லை நைனா. உன் காரியத்தன்று நடந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. உனக்குத் தெரியாது, நீ படமாக மாட்டப்பட்டிருந்தாய். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து உட்காரவைத்தார்கள். ஊரே பார்த்தது. அப்புறம் அத்தைமார்கள் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நெற்றியைத் துடைத்தது பெரியத்தை. உன் அக்காதான், கெட்டவள் இல்லை, அழுதுகொண்டேதான் துடைத்தாள். அம்மா அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உன் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் வைத்த பொட்டையும் துடைக்கச் சொல்லி நானே எழுத வேண்டுமா? எழுதாமல் விட்டால் உன் கருவிகள் மூலையிலேயே கிடக்கும், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அம்மாவுக்குச் சொல்லாமல் எழுதிவிடலாமா? படம் வரும்போது பொட்டு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? இன்னொரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிவப்பு தெரியாதா? உன் நகத்தை வருஷக்கணக்கில் திட்டினவள் அவள்தானே. ஒருவேளை தெரிந்தேதான் வைத்தாளா? கொடு என்று சொன்னதும் அவள்தான். வேறு யாரையும் தொடவிடாமல் தேய்த்ததும் அவள்தான். யாரும் எடுத்துப் புழங்கக் கூடாது என்று மனசுக்குள் இருந்ததா? மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டு இதையே யோசித்து, ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, அவர் லேபிளைப் படிக்கிற மனிதர்.

கடைசியில் சொல்லிவிட்டேன். அம்மா சமையல்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஜுமா வாத்தியார் எழுதியதை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை. சிவப்பு வைத்தால் ரிஜெக்ட் என்று உனக்குத் தெரியாதா அம்மா என்று கேட்டேன்.

“தெரியாமயா? அந்தாளு வாழ்க்கையெல்லாம் அதத்தான பண்ணிகினு இருந்தாரு.”

தெரிந்தேதான் வைத்தாயா என்றேன். அதற்குத்தான் கையை நிறுத்தினாள்.

“எனக்கே தெர்லடி. ஊருக்குப் போற சாமானாச்சே, வெறும் நெத்தியா அனுப்பக் கூடாதுன்னுதான் வெச்சேன். வெக்க வெக்க, எவனும் இத தொடக்கூடாதுன்னும் இருந்துச்சு. எது மொதல்ல வந்துச்சுன்னு கேட்டா இன்னான்னு சொல்வேன்?”

பிறகு, அந்த வாத்தியார் என்ன கேட்டார் என்று இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். பொட்டை அழிக்கலாமா என்று நம்மிடம் சம்மதம் கேட்கிறார் என்றேன். கேட்கிறாரா, அழித்துவிட்டேன் என்கிறாரா என்று கேட்டாள். கேட்கிறார் அம்மா, நீ சொன்னால்தான் அழிப்பார் என்றேன்.

அம்மா மீன் நாற்றமடிக்கும் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கையும் இல்லை.

“எனக்கு அழிச்சாங்களே, எவளாச்சும் ஒரு வார்த்த கேட்டாளா? எங்கியோ கடலுக்கு அந்தாண்ட கீறான், மூஞ்சி தெரியாது, பேரு வாய்ல நொழையல. இரும்பு மேல வெச்ச பொட்டுக்குக் கேக்கறான் பாரு.”

இரண்டு வருஷமாக அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, பயமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழித்துக்கொள்ளச் சொல், பிள்ளைகள் எடுத்து வேலை செய்யட்டும் என்றாள். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்றேன். கேட்டுவிட்டார்கள் அல்லவா, அது போதும் என்றாள். திரும்பவும் நெத்திலியை எடுத்துக்கொண்டாள்.

நான் எழுதினேன். அது ரிஜெக்ட் குறி இல்லை, என் அம்மா வழியனுப்ப வைத்த பொட்டு, அழித்துக்கொள்ள அவள் சம்மதிக்கிறாள் என்று. பாதி உண்மைதான் அது, மீதிப் பாதியை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாலைந்து நாளில் படம் வந்தது. ஒரு பெண், இருபது வயது இருக்கும், தலையில் துணி கட்டியிருக்கிறாள். உன் மூலைமட்டத்தை ஒரு இரும்புத் துண்டின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறாள். நீ பார்ப்பாயே, அதே மாதிரி. பொட்டு இருந்த இடம் வெறும் இரும்பாக இருந்தது. அம்மா போனை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இப்படி இளைத்திருக்கிறாளே என்றாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் உன் மகள் இல்லையே. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அம்மா மனசு திறந்துவிட்டாள், இனிமேல் அவள் பழையபடி இருக்கலாம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, வேலையிலிருந்து வரும்போது ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கினேன். மெரூன் கலர், அவளுக்குப் பிடித்த அளவு. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்ப்பாள், சிரிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தாள். கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“நீயும் கேக்காமத்தான வாங்கினு வந்த?”

கோபமாகச் சொல்லவில்லை நைனா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்தவர்களும் கேட்கவில்லை, கொடுக்க வந்தவளும் கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதானே பெரியத்தையும் துடைத்திருப்பாள்?

அம்மாவுக்குப் பொட்டு வேண்டுமா, வேண்டாமா, எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பதும் தெரியாது. உன் கருவிகள் போனதில் அவளுக்கு நிம்மதியா, நஷ்டமா, அதுவும் தெரியாது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது என்றால், நீ என் நெற்றியில் ஒரு சிவப்பு வைத்து ஓரமாக உட்காரவைத்திருக்கலாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம் சொந்தத்தில், நம் தெருவில், எந்த வீட்டில் காரியம் நடந்தாலும், உட்காரவைக்கப்பட்டவளின் நெற்றிக்கு ஒரு கை போவதற்கு முன்னால் நான் அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்து கேட்பேன். உனக்கு வேண்டுமா, வேண்டாமா, நீ சொல் என்று கேட்பேன். அத்தைமார்கள் என்னைக் கிழிப்பார்கள், கிழிக்கட்டும். நாளைக் காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு முதலில் அம்மாவிடம் கேட்கப்போகிறேன். என்ன பதில் சொல்வாளோ, தெரியவில்லை நைனா. எதைச் சொன்னாலும் அவள் சொன்னபடியே விடுவேன்.

இப்படிக்கு,
அம்மாவைக் கேட்காமல் இந்தக் கடிதத்தையும் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக்காட்டப் போகிற
உன் பொண்ணு மேகலா